தரையும் சுவர் நிறமும்: குறைந்த செலவில் நல்ல ஆலோசனை பெறுவது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தமிழ்நாட்டில் ஆயிரம் சதுர அடிக்குள் வீடு கட்டி முடிக்கும் நிலையில் இருப்பவர்களையும், பழைய வீட்டைப் புதுப்பிக்க நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பூச்சு வேலை முடியும்போது கையிருப்பு கரைந்திருக்கும்; ஆனால் வீட்டில் இனி தினமும் கண்ணில் படப்போகும் இரண்டு பொருள்களை, அதாவது தரையையும் சுவர் நிறத்தையும், அந்த நேரத்தில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

சிறிய வீட்டுக்கு உள் அலங்கார ஆலோசகர் தேவையா?

முழு வேலைக்கும் ஒருவரை அமர்த்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. தரை, நிறம் ஆகிய இரண்டுக்கு மட்டும் ஒரே ஒரு முறை வீட்டுக்கு வந்து பார்த்துக் கருத்துச் சொல்லும் ஆலோசனை போதும். ஆலோசகர்கள் வழக்கமாக மூன்று விதமாகக் கட்டணம் வாங்குகிறார்கள்: மொத்தச் செலவில் இத்தனை விழுக்காடு என்ற கணக்கு, சதுர அடிக்கு இவ்வளவு என்ற கணக்கு, அல்லது ஒரு வருகைக்கு இவ்வளவு என்ற கணக்கு. சிறிய வீட்டுக்காரருக்கு மூன்றாவது முறைதான் பொருந்தும். விழுக்காட்டுக் கணக்கில் நீங்கள் அதிகம் செலவழித்தால் அவருக்கும் அதிகம் கிடைக்கும் என்பதால், சிக்கனத்துக்கு அங்கே இடம் குறைவு.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்க்கிடெக்ட் என்ற பெயரை 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தம் பெயருடன் சேர்த்துக்கொள்ளலாம். இன்டீரியர் டிசைனர் என்ற பெயருக்கு அந்தச் சட்டத்தில் அப்படிப்பட்ட கட்டுப்பாடு இல்லை. பதிவு இல்லாதவர்களிலும் மிகத் திறமையானவர்கள் உண்டு. ஆனால் அவர்களை அமர்த்துவதற்கு முன், அவர்கள் செய்து முடித்த வீடு ஒன்றை நேரில் பார்த்துவிடுவது நல்லது. கைப்பேசியில் காட்டும் படங்களை மட்டும் நம்ப வேண்டாம்.

டைல்ஸ் கடையிலும் பெயிண்ட் கடையிலும் இலவசமாகவே ஆலோசனை சொல்கிறார்களே, அது போதாதா?

அதைப் பெற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அது எவ்வளவு தூரம் பயன்படும் என்பதைப் புரிந்துகொண்டு பெற்றுக்கொள்ளுங்கள். கடைக்காரர் தம்மிடம் இருக்கும் சரக்கைப் பற்றி நன்றாக அறிந்திருப்பார். எந்த வரிசை நிறுத்தப்படப்போகிறது, எந்த நிறத்தில் பழுது அதிகம் திரும்பி வருகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நேரடியாகக் கேட்டால் பலர் சொல்லவும் செய்வார்கள். கணினித் திரையில் உங்கள் அறையின் படத்தின் மேல் நிறத்தை ஏற்றிக் காட்டும் வசதியும் இன்று பல கடைகளில் இருக்கிறது. திரையில் தெரியும் நிறம் சுவரில் அப்படியே வராது என்றாலும், வேண்டாத நிறங்களைக் கழித்துக்கட்ட அது உதவும்.

குறைந்த செலவில் ஆலோசனை பெறுவதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்றுதான்: நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தமக்கு லாபமோ நட்டமோ இல்லாத ஒருவரின் கருத்து, ஒரு முறையாவது உங்களுக்குக் கிடைக்க வேண்டும். வாடிக்கையாளரை அழைத்து வருபவருக்குக் கமிஷன் கொடுக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக உள்ளது. மேஸ்திரி ஒரே கடைக்குத்தான் போக வேண்டும் என்று வற்புறுத்தினால், அதே பொருளுக்கு வேறு இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். சதுர அடிக்குப் பத்து ரூபாய் கூடினால், ஆயிரம் சதுர அடிக்குப் பத்தாயிரம் ரூபாய் கூடுகிறது. அந்தத் தொகையில் ஒரு பகுதியைச் சார்பற்ற ஒருவருக்கு ஆலோசனைக் கட்டணமாகக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

அப்படிப்பட்ட சார்பற்ற ஆலோசனை யாரிடம் கிடைக்கும்?

படித்து முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளம் ஆர்க்கிடெக்ட்டுகள் ஒரு வருகைக்கான கட்டணத்தில் வரத் தயங்குவதில்லை. அருகில் கட்டடக் கலைக் கல்லூரி இருந்தால், அங்குள்ள ஆசிரியர்களிடம் கேட்டால் தகுந்த ஒருவரைச் சொல்வார்கள்.

பலரும் மறந்துவிடும் இன்னொரு வழி உண்டு. அதற்குக் காசே தேவையில்லை. உங்கள் தெருவிலோ உறவிலோ, வீடு கட்டி ஐந்தாறு ஆண்டுகள் ஆன குடும்பங்களைப் போய்ப் பாருங்கள். புது வீட்டில் எல்லாத் தரையும் மின்னும். ஐந்து ஆண்டுகள் கழித்து எந்தத் தரையில் கீறல் விழுந்தது, எந்த டைல்ஸ் இணைப்பு கறுத்தது, எந்தச் சுவரில் கை பட்ட அழுக்கு துடைத்தும் போகவில்லை என்பதை அந்த வீட்டில் தினமும் துடைப்பவர்தான் சரியாகச் சொல்வார். ஆகவே வீட்டுக்காரரிடம் மட்டுமன்றி, அங்கே பெருக்கித் துடைப்பவரிடமும் கேளுங்கள். ஊரில் நீண்ட காலமாக வேலை செய்யும் பெயிண்டரின் அனுபவமும் மதிப்புள்ளது. கடலோர ஊர்களில் எந்தச் சுவர் உப்புப் பூக்கும் என்பது அவருக்கு நிறுவனத்தின் விற்பனையாளரைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

கட்டணம் கொடுத்து ஒருவரை அழைக்கும்போது, அந்த ஒரு மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது?

அறைகளின் நீள அகலம், சன்னல்கள் இருக்கும் திசை, வைத்துக்கொள்ளப்போகும் பழைய பீரோ, கட்டில், சோபா ஆகியவற்றின் படங்கள், கதவுக்கும் நிலைக்கும் அடிக்கப்போகும் நிறம், செலவின் உச்சவரம்பு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி வைத்திருங்கள். வீட்டில் முதியவர்கள், தவழும் குழந்தை, நாய் ஆகியோர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். தரையைத் தேர்வு செய்வதில் அழகைவிட இவை பெரிய காரணங்கள். நீங்களே இரண்டு மூன்று டைல்ஸ் மாதிரிகளையும் நான்கைந்து நிறங்களையும் பொறுக்கி வைத்துவிட்டு, இவற்றில் எது, ஏன் என்று கேளுங்கள். எதுவும் இல்லாமல் அழைத்தால், அந்த ஒரு மணி நேரம் பேச்சிலேயே போய்விடும்.

பகலில் அழையுங்கள். விளக்கு வெளிச்சத்தில் மட்டும் வீட்டைப் பார்த்தவர் நிறத்தைப் பற்றிச் சொல்வதை ஏற்க முடியாது.

முதலில் முடிவு செய்ய வேண்டியது தரையா, சுவர் நிறமா?

தரைதான். பெயிண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்கள் கிடைக்கின்றன. பிடிக்காவிட்டால் சில ஆண்டுகளில் மாற்றியும் விடலாம். தரையில் தேர்வு குறைவு, மாற்றுவதும் கடினம். ஆகவே தரையை முடிவு செய்து, அந்த மாதிரி டைல்ஸ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே நிற அட்டையைத் திறக்க வேண்டும்.

எங்கள் செலவுக்கு எந்தத் தரை ஏற்றது?

இன்று பெரும்பாலான வீடுகளில், அதிக வெப்பத்தில் சுட்டு இறுக்கப்பட்ட விட்ரிஃபைட் டைல்ஸ்தான் போடுகிறார்கள். அவற்றில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. இவை நீரை உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் கறை ஆழமாக இறங்குவதில்லை. இதில் டபுள் சார்ஜ் என்ற வகையில் மேல்பகுதியின் நிறம் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஆழம் வரை இருக்கும். ஜி.வி.டி. என்ற வகையில் வடிவம் மேலே அச்சிடப்பட்டு, அதன்மேல் மெல்லிய பளபளப்புப் பூச்சு இருக்கும். மரம் போலவும் பளிங்கு போலவும் தெரியும் அழகிய வகைகள் இரண்டாவதில்தான் அதிகம். ஆனால் தெருவிலிருந்து மணல் நேராகக் கூடத்துக்குள் வரும் வீடுகளுக்கு முதல் வகையே நீடித்து உழைக்கும் என்பது என் கருத்து. படுக்கையறைக்கு ஜி.வி.டி. தாராளமாகப் போடலாம்.

கடப்பா, கோட்டா ஆகிய கற்கள் விலை குறைவானவை, காலுக்குக் குளிர்ச்சியானவை. ஆனால் இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் சிந்தி நின்றால் மெருகு போய் வெளிறிய தடம் விழும். பளிங்குக்கும் இதே குணம் உண்டு. சமையலறை மேடைக்குக் கிரானைட் சிறந்தது என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

காரைக்குடி அருகேயுள்ள ஆத்தங்குடியில் செய்யப்படும் தரைக்கற்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கண்ணாடிப் பலகையின்மேல் சட்டத்தை வைத்து, வடிவ அச்சுக்குள் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த கலவையை இட்டு நிரப்புவார்கள். காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறவைப்பார்கள், சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியிலிருந்து பிரிந்து வருவதால்தான் அந்த வழவழப்பு கிடைக்கிறது. நடக்க நடக்க மெருகேறும் தரை அது. வீடு முழுவதும் போடக் கட்டுப்படியாகாவிட்டால், திண்ணையிலோ பூஜை அறையிலோ மட்டும் போட்டாலும் வீட்டுக்குத் தனி அழகு வந்துவிடும். ஆசிட் கலந்த துப்புரவுத் திரவம் மட்டும் அதன் பக்கம் வரவே கூடாது. சிமெண்டை அது அரித்துவிடும்.

பழைய வீட்டில் மொசைக் தரை இருக்கிறதென்றால், அதை உடைப்பதற்கு முன் பாலிஷ் போடுபவர் ஒருவரை அழைத்து ஒரு மூலையில் தேய்த்துக் காட்டச் சொல்லுங்கள். வெடிப்பு இல்லாத மொசைக் தரை, இயந்திரத்தால் தேய்த்தால் புதிது போல் எழும்பும். உடைத்து, அள்ளி, புதிய டைல்ஸ் போடுவதைவிடச் செலவு வெகுவாகக் குறையும். உறுதியான பழைய தரையின் மேலேயே பசை வைத்துப் புதிய டைல்ஸ் ஒட்டவும் முடியும்; தரை சுமார் அரை அங்குலத்துக்கு மேல் உயரும் என்பதால் கதவுகளின் அடியைச் சீவ வேண்டியிருக்கும்.

டைல்ஸ் எந்த நிறத்தில், எந்த அளவில் இருந்தால் பராமரிப்பது எளிது?

தூய வெள்ளையில் ஒரு முடி விழுந்தாலும் தெரியும். கறுப்பிலும் அடர் பழுப்பிலும் தூசியும் காலடித் தடமும் தெரியும். போர்வெல் தண்ணீரில் துடைக்கும் வீடுகளில் உப்புப் படலமும் சேர்ந்து தெரியும். இடைப்பட்ட சந்தன நிறம், மணல் நிறம், வெளிர் சாம்பல் ஆகியவற்றில் லேசான புள்ளியோ வரியோ கலந்திருந்தால் அன்றாட அழுக்கு கண்ணை உறுத்தாது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு இரண்டடிக்கு இரண்டடி அளவே போதும். நான்கடி நீளமுள்ளவை பெரிய கூடத்தில் நன்றாக இருக்கும். சிறிய அறையில் வெட்டி வீணாவது அதிகம்.

குளியலறைக்கும் முதியவர்கள் நடக்கும் இடத்துக்கும் எப்படித் தேர்வு செய்வது?

கடையில் அந்த டைல்ஸைத் தரையில் வைக்கச் சொல்லி, அதன்மேல் தண்ணீரும் இரண்டு சொட்டுச் சோப்புத் திரவமும் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கால் சறுக்கினால் அது குளியலறைக்கு ஆகாது. கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட வேண்டாம். வீட்டில் வழுக்கி விழும் பெரியவரின் இடுப்பெலும்பைவிட அந்தக் கூச்சம் பெரிதல்ல. குளியலறைத் தரைக்கு ஓரடிக்கு ஓரடி அளவுள்ள, பளபளப்பில்லாத, சொரசொரப்பான மேட் வகையே நல்லது. துண்டுகள் சிறியவையாக இருந்தால் தண்ணீர் ஓடுவதற்கான வாட்டத்தைச் சரியாகக் கொடுக்க முடியும். இணைப்புகள் அதிகம் என்பதால் காலுக்குப் பிடிப்பும் கூடும்.

எத்தனை பெட்டி வாங்க வேண்டும் என்பதை நாங்களே கணக்கிட முடியுமா?

முடியும். பத்துக்குப் பன்னிரண்டு அறையின் தரை 120 சதுர அடி. வெட்டுச் சேதத்துக்குப் பத்து விழுக்காடு கூட்டினால் 132. சுற்றளவு 44 அடி. கதவுக்கு மூன்றடி கழித்தால் 41 அடி நீளத்துக்கு நான்கு அங்குல உயர ஸ்கர்ட்டிங், அதாவது சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை தேவை, அது சுமார் 14 சதுர அடி. ஆக மொத்தம் 146. இரண்டடி டைல்ஸ் என்று சொல்லப்படுவது உண்மையில் 600 மில்லிமீட்டர்தான். நான்கு துண்டுகள் கொண்ட ஒரு பெட்டி 16 சதுர அடிக்கு வராது, 15.5 சதுர அடிக்குத்தான் வரும். அதனால் 9.4 பெட்டி, அதாவது பத்துப் பெட்டி. மிஞ்சும் துண்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பின்னாளில் குழாய் உடைந்து தரையைத் தோண்ட நேர்ந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. எல்லாப் பெட்டிகளிலும் அச்சிடப்பட்ட ஷேட் (நிறச் சாயல்) எண்ணும் பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும் ஒன்றாக உள்ளனவா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

சுவர் நிறத்தை ஏமாறாமல் தேர்ந்தெடுப்பது எப்படி?

நிற அட்டையில் விரல் அகலத்துக்கு இருக்கும் நிறம், நான்கு சுவர்களிலும் ஏறும்போது ஒன்றையொன்று எதிரொலித்து மேலும் அழுத்தமாகத் தெரியும். ஆகவே அட்டையில் பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிறியதையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. பிடித்த இரண்டு மூன்று நிறங்களில் மிகச் சிறிய டப்பாவை வாங்குங்கள். இரண்டடிச் சதுரமுள்ள தடித்த அட்டையிலோ ஒட்டுப்பலகைத் துண்டிலோ பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்து, சுற்றிலும் இரண்டு அங்குல வெள்ளை ஓரம் விட்டு, இரண்டு கோட் அடியுங்கள். வெள்ளை ஓரம் இல்லாவிட்டால் பின்னால் உள்ள பழைய நிறம் கண்ணைக் குழப்பும். நன்றாகக் காய்ந்த பிறகு அட்டையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, அதன் காலடியில் தேர்ந்தெடுத்த டைல்ஸை வையுங்கள். காலையில், உச்சி வெயிலில், மாலையில், இரவு விளக்கில் என நான்கு வேளையும் பாருங்கள். பிறகு அடுத்த சுவருக்கு மாற்றிப் பாருங்கள். பகலில் இதமான சந்தன நிறம், 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் வெளிறிச் சோகை பிடித்தாற்போல் தெரியலாம். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் அதே நிறம் பழுத்துத் தெரியும். எந்த விளக்கைப் பொருத்தப்போகிறீர்களோ அதன் கீழேதான் முடிவெடுக்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஆகும் சில நூறு ரூபாயைச் செலவாகவே நான் எண்ணுவதில்லை. ஒரு கூடத்தை மறுபடி அடிக்க ஆகும் கூலி அதைப்போல் பல மடங்கு.

வெளிச்சம் குறைந்த அறைக்கும், மேற்கு வெயில் அறைக்கும் ஒரே நிறம் அடிக்கலாமா?

ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள தெருக்களில், நடு அறைக்குச் சன்னலே ஒரு பக்கம்தான் இருக்கும். அங்கே தூய வெள்ளை அடித்தால் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். லேசான மஞ்சள் கலந்த வெள்ளையே வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும். கூரைக்கு எப்போதும் வெள்ளைதான். பல நிற அட்டைகளில் எல்.ஆர்.வி. என்றொரு எண் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதை அது நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்கிறது. இருண்ட அறைக்கு எழுபதுக்கு மேற்பட்டதைக் கேளுங்கள்.

மேற்கு அறையில் மாலை வெயில் ஆரஞ்சாக இறங்கும்போது, பீச் நிறமும் மஞ்சளும் கண்ணுக்கு வெக்கையைக் கூட்டும். வெளிர் பச்சை, வெளிர் நீலம், நீலம் கலந்த வெள்ளை ஆகியவை அங்கே இதம். மேற்குச் சுவரின் வெளிப்புறத்துக்கு அடர் நிறம் வேண்டாம்; அது வெப்பத்தை வாங்கி உள்ளே அனுப்பும்.

ஓர் அறைக்கு ஒரு நிறம் என்று அடிப்பது நல்லதா?

சிறிய வீட்டில் அது வீட்டைத் துண்டு துண்டாக்கிவிடும். கூடம், நடை, சமையலறை ஆகியவற்றுக்கு ஒரே வெளிர் நிறமும், படுக்கையறைகளுக்கு அதன் உறவு நிறங்களும் போதும். அழுத்தமான நிறத்தின்மேல் ஆசை இருந்தால் ஒரு சுவரில் மட்டும் அடியுங்கள். ஒரே நிறத்தை மொத்தமாக வாங்கும்போது பெரிய டப்பாவில் லிட்டர் விலையும் குறையும்.

எந்த வகைப் பெயிண்ட், எவ்வளவு?

உட்சுவருக்கு எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட் நல்லது. சுண்ணக்கட்டித் தூள் கலந்த டிஸ்டெம்பர் விலை குறைவு. ஆனால் துடைத்தால் கையோடு வரும். பணம் குறைவாக இருந்தால், கை படும் கூடத்துக்கும் குழந்தைகள் அறைக்கும் கழுவத்தக்க எமல்ஷனும், மற்ற அறைகளுக்குச் சாதாரண எமல்ஷனும் அடிக்கலாம். இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் சுமார் 100 முதல் 140 சதுர அடி வரை வரும். மேலே சொன்ன அறையின் சுவர்கள் பத்தடி உயரம் என்றால், கதவும் சன்னலும் போகச் சுமார் 400 சதுர அடி. நான்கு லிட்டர் டப்பா ஒன்று போதும்.

புதுப்பூச்சுக்கு அவசரப்பட்டுப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. கிரகப்பிரவேச நாள் குறித்துவிட்டதால் ஈரச் சுவரில் பட்டி பார்த்து அடித்த பெயிண்ட், மழைக்காலம் முடிவதற்குள் கொப்பளித்து உரிவதைப் பல வீடுகளில் காணலாம். பூச்சு முடிந்து நான்கு வாரமாவது காய வேண்டும். நாள் நெருங்கிவிட்டால் பிரைமரோடு நிறுத்தி விசேஷத்தை நடத்திவிட்டு, நிறத்தைப் பிறகு அடிப்பதே மேல். வீடு வெள்ளையாக, சுத்தமாகத்தான் இருக்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

இந்தியாவில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. டப்பாவின் மேல் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனப் பெயர் தெரியாத எனாமல் (எண்ணெய்) பெயிண்டைக் கதவுக்கும் கம்பிக்கும் வாங்க வேண்டாம். பழைய எனாமலைச் சுரண்டும்போது குழந்தைகள் வேறு வீட்டில் இருக்கட்டும். தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

வாஸ்துப்படி நிறம் பார்க்க விரும்புகிறோம். முடியுமா?

முடியும். ஒவ்வொரு நிறத்திலும் வெளிறிய சாயல்கள் பல உள்ளன. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் நிறத்தின் மெல்லிய சாயலை எடுத்து, மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள்.

வாடகை வீட்டில் என்ன செய்யலாம்?

தரையைத் தொட வேண்டாம். கோரைப்பாயும் விரிப்பும் போதும். வெள்ளையடிக்கும் முறை வரும்போது, உங்களுக்குப் பிடித்த வெளிர் நிறத்தின் கூடுதல் விலையை நீங்கள் தருவதாகச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எதில் சிக்கனம் பார்க்கக் கூடாது?

டைல்ஸ் பதிக்கும் வேலையில் பார்க்கக் கூடாது. விட்ரிஃபைட் டைல்ஸ் நீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை என்பதால், வெறும் சிமெண்ட் பால் ஊற்றிப் பதித்தால் பிடிப்பு குறையும். பெரிய அளவுகளுக்கு அதற்கென உள்ள பசையே சரி. பதித்த மறுநாள் காசால் ஒவ்வொன்றின் நடுவிலும் நான்கு மூலையிலும் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை வந்தால் இணைப்புப் பூசுவதற்கு முன்பே எடுத்துப் பதிக்கச் சொல்லுங்கள். துண்டுகளுக்கிடையே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லாமல் ஒட்டிப் பதித்தால் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் கோடை வெப்பத்தில் விரிய இடமின்றி டைல்ஸ் மேலெழும்பும். குளியலறை இணைப்புகளில் பூசுவதற்கு, நீர் இறங்காத எபாக்ஸி என்ற பிசின் கலவையை வாங்குங்கள்.

கூலியை முழுவதும் முன்பணமாகக் கொடுக்காமல், தட்டிப் பார்க்கும் வேலை முடியும் வரை ஒரு பகுதியை நிறுத்தி வைப்பதாக முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பெயிண்டின் நிறுவனப் பெயர், நிற எண், பூசிய அறை, வாங்கிய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ரசீதோடு வீட்டுப் பத்திரக் கோப்பில் வைத்துவிடுங்கள்.